என் மூக்கிலிருந்து எடுத்த ஸ்லைடு

எனக்குத் தும்மல் வந்தால் பஸ்ஸில் இடம் கிடைத்துவிடும். கொரோனாவுக்குப் பிந்தைய வருடங்களில் எனக்கு வாய்த்த ஒரே சௌகரியம் அதுதான். அந்தமான் போர்ட் பிளேரில், எங்கள் பத்துபஸ்தி ஸ்டாப்பில் ஏறி இரண்டு தும்மல் போட்டால் போதும், பக்கத்து சீட்டில் இருப்பவர் துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டு எழுந்துவிடுவார். “அலர்ஜி ஹை, சிர்ஃப் அலர்ஜி,” வெறும் அலர்ஜிதான் என்று நான் பஸ் முழுவதற்கும் பொதுவாகச் சொல்வேன். ஒருவரும் நம்பமாட்டார்கள். கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை வேறு தொங்கும். அதைப் பார்த்ததும் முன் சீட்டுக்காரரும் நகர்ந்து உட்காருவார்.

நான் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். ரத்தம், சிறுநீர், மலம், சளி என்று மனிதர்களிடமிருந்து வெளியே வருகிற எல்லாவற்றையும் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது என் வேலை. என் கணவர் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக். கல்யாணமான புதிதில், காலையில் நான் தும்ம ஆரம்பித்தால் அவர் பதறி எழுந்து தண்ணீர் கொண்டுவருவார். பிறகு பழகிவிட்டது. நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து வரிசையாகத் தும்மிக்கொண்டிருப்பேன். அவர் டீ டம்ளருடன் கதவருகே நின்று காத்திருப்பார்.

“ஹோ கயா? முடிஞ்சுதா, இன்னும் பாக்கி இருக்கா?”

கையைக் காட்டுவேன். இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அவர் டீயை ஒரு முறை ஆற்றிவிட்டு மறுபடி நிற்பார்.

சிறு வயதில் எனக்கு இது கிடையாது. நான் நிக்கோபாரின் கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்து வீட்டில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து அங்கே ரப்பர் பால் வெட்டியவர்கள். மழையிலும் சேற்றிலும் செருப்பில்லாமல் திரிந்து வளர்ந்தேன், ஜலதோஷம் கூட அபூர்வம். சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேருக்கு வந்து, படித்து, வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் ஆகி, கான்கிரீட் வீட்டுக்குள் குடியேறிய பிறகுதான் மூக்கு தகராறு செய்ய ஆரம்பித்தது. முதலில் தும்மலும் அரிப்பும். பிறகு அடைப்பு. கடைசியில் இரண்டு பக்கமும் சிமெண்ட் வைத்துப் பூசியதுபோல ஆகிவிட்டது. வாயால் மூச்சு விட்டே தூங்கினேன். காலையில் நாக்கு காய்ந்த தோல்போல இருக்கும்.

எங்கள் தீவில் எல்லா ஊர்க்காரரும் இருப்பதால் எல்லா ஊர் வைத்தியமும் கிடைக்கும். லேபில் கூட வேலை பார்க்கும் ராஞ்சிக்காரர் மூக்கில் கடுகெண்ணெய் விடச் சொன்னார். தெலுங்குக்கார நர்ஸ் மஞ்சளைச் சுட்டு அந்தப் புகையை இழுக்கச் சொன்னாள். கேன்டீன் நடத்தும் மலையாள சேட்டா உச்சந்தலையில் தேய்க்க ஒரு பொடி கொடுத்தார். அத்தனையையும் செய்தேன். மருந்துக்கடையில் வாங்கிய தும்மல் மாத்திரையையும் போட்டுக்கொண்டேன். மாத்திரை போட்டால் தும்மல் குறையும், அடைப்பு அப்படியே இருக்கும். தூக்கம் மட்டும் கண்ணைச் சுழற்றும். மாத்திரையை விட்டால் தும்மல் திரும்பிவிடும். இதற்கு மேல் ஒன்றும் இல்லை, நம் மூக்கு இப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

வாசனை எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. பார்வை மங்கினால் தெரிகிறது, காது மந்தமானால் தெரிகிறது. வாசனை போவது தெரியவில்லை. சாப்பாட்டில் உப்பும் புளிப்பும் காரமும் இருந்தன, அதுவே போதும் என்று நாக்கு ஏமாந்துவிட்டது. லேபில்தான் அது முதலில் வெளிப்பட்டது. மலப் பரிசோதனை டப்பாக்கள் வந்தால் மற்றவர்கள் முகத்தைத் திருப்புவார்கள், நான் சாதாரணமாகத் திறந்து வேலை செய்வேன். கொஞ்ச நாளில் அந்த டப்பாக்கள் எல்லாம் என் மேஜைக்கே வர ஆரம்பித்தன. “மேடத்துக்குத்தான் மூக்கே இல்லையே” என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுப் போவார்கள். நானும் சிரிப்பேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

அந்தப் பெருமை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையோடு போனது.

கணவர் மீன் வாங்க மார்க்கெட் போயிருந்தார். நான் சமையலறையில் அரிசி களைந்து குக்கரில் போட்டுவிட்டு, கேஸ் லைட்டரைக் கையில் எடுத்தேன். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து, பற்றவைக்காதே என்று ஒரு அலறல்.

“பௌதி! லைட்டர் மத் ஜலாவ்! மத் ஜலாவ்!”

பக்கத்து வீட்டில் இருப்பவர் வங்காளி அம்மாள். என்னை அண்ணி என்ற அர்த்தத்தில் பௌதி என்பார், நான் அவரைத் தீதி, அதாவது அக்கா, என்பேன். என்ன ஏதென்று நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் பின்கதவு வழியாக உள்ளே வந்துவிட்டார். இரண்டு கையிலும் பிசைந்த மாவு. அந்தக் கையாலேயே என் கையிலிருந்த லைட்டரைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தார். குனிந்து சிலிண்டரின் ரெகுலேட்டரைத் திருகி மூடினார். ஜன்னல்களை எல்லாம் தள்ளித் திறந்தார். என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போய் முருங்கை மரத்தடியில் நிறுத்திவிட்டுத்தான் மூச்சு வாங்கினார்.

“பூரா கர் மே கேஸ் பரா ஹை! மேரே கர் தக் ஆ ரஹா ஹை! தும்ஹாரா நாக் ஹை கி நஹீ?”

வீடு முழுக்க கேஸ் நிறைந்திருந்தது. அவர் வீடு வரை நாறியிருக்கிறது. நான் அதன் நடுவில் நின்று லைட்டரைக் கையில் எடுத்திருக்கிறேன். பிறகு பார்த்தபோது, ரப்பர் குழாயை எலி கடித்திருந்தது.

மூக்கு இருக்கிறதா இல்லையா என்று அவர் கோபத்தில் கேட்டதுதான். ஆனால் என் கை தானாக மூக்கைத் தொட்டுப் பார்த்தது. முருங்கை மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தீதி பக்கத்தில் உட்கார்ந்து, மாவு ஒட்டிய கையாலேயே என் முதுகைத் தடவினார். மீன் பையுடன் திரும்பி வந்த என் கணவர், முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கைத்தடங்களோடு நான் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்து, எங்களுக்குள் ஏதோ சண்டை என்றுதான் முதலில் நினைத்தார்.

நடந்ததைக் கேட்டதும் அவர் பையைக் கீழே வைத்தார். “நாளைக்கு டாக்டரப் பாக்குறோம். நீ ஆஸ்பத்திரியிலயே இருக்க, ஒரு நாளாச்சும் காட்டினியா?” என்றார். பிறகு தீதியின் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். தீதி அந்தக் கும்பிடைக் கவனிக்காதவர்போல மாவுக் கையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார். இன்றைக்கு வரை நான் நன்றி சொல்ல வாயெடுத்தால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் அப்போது காது மூக்கு தொண்டைக்கு ஒரு இளம் டாக்டர் வந்திருந்தாள். திருநெல்வேலிப் பக்கம். என்னைவிட வயதில் சின்னவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் அனுப்புகிற நோயாளிகளின் ரத்தத்தை நான்தான் பார்ப்பேன், ஆனால் நானே நோயாளியாக அவள் முன் உட்கார்ந்தது அன்றுதான். மூக்குக்குள் குழாய் விட்டுப் பார்த்தாள். உள்ளே இருக்கும் சதை மடிப்புகள் வெளிறிப்போய், ஊறிய சாக்பீஸ்போல உப்பியிருப்பதாகச் சொன்னாள். வாசனையை உணரும் இடம் மூக்கின் உச்சியில் இருக்கிறது, காற்று அங்கே போய்ச் சேரவே வழியில்லை என்றாள்.

“அக்கா, இவ்வளவு நாளா எப்படி இருந்தீங்க?” என்று கேட்டாள்.

அது கேள்வி இல்லை. அவள் குரலில் இருந்த வருத்தம் எனக்குப் புதிதாக இருந்தது. இதை ஒரு கஷ்டம் என்று நான் கூட நினைத்ததில்லை.

பிறகு ஒரு பஞ்சுக்குச்சியை மூக்கில் விட்டுச் சளியை எடுத்து என் கையிலேயே கொடுத்தாள். “உங்க மேஜை, உங்க ஸ்லைடு, உங்க மூக்கு. நீங்களே பாருங்களேன். நான் ஓபி முடிச்சுட்டு வாரேன்.”

நான் லேபுக்குப் போய்க் கண்ணாடியில் தடவினேன். உலர விட்டேன். சாயம் ஊற்றினேன். பல வருடமாகக் கை தானாகச் செய்கிற வேலை. அன்றைக்கு மட்டும் ஒவ்வொன்றையும் புதிதாகச் செய்வதுபோல இருந்தது. எண்ணெய்த் துளி விட்டு லென்ஸை இறக்கி, கண்ணை வைத்தேன்.

ஈசினோபில் என்று ஒரு வெள்ளணு உண்டு. மற்ற வெள்ளணுக்களோடு பார்க்கும்போது பளிச்சென்று தெரியும். நடுவில் இரண்டு துண்டாக நீல உட்கரு. சுற்றிலும் ஆரஞ்சும் சிவப்புமாக மணி மணியாய்ப் புள்ளிகள், பிளந்த மாதுளம்பழம்போல. சாதாரண ரத்தத்தில் தேடித்தான் ஒன்றிரண்டைப் பிடிக்க வேண்டும். என் மூக்குச் சளியில் தேட வேண்டியிருக்கவில்லை. ஸ்லைடை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அவைதான் இருந்தன. சில முழுதாக இருந்தன. சில உடைந்து, சிவப்பு மணிகளைச் சுற்றிலும் சிந்தியிருந்தன.

மற்றவர்களின் நோயை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவள் நான். என்னுடையதைப் பார்த்ததில்லை. எனக்கு மூக்கே இல்லை என்று எல்லாரும் சொன்ன அந்த இடத்தில் இவ்வளவு நடந்துகொண்டிருந்திருக்கிறது. கண் கலங்கிவிட்டது. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தேன், யாரும் கவனிக்காதபடி.

டாக்டர் சொன்னபடி வந்தாள். பார்த்துவிட்டு, “அம்மாடி!” என்றாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

“இதுங்க ஏன் இங்க வந்து கூடுது?” என்று கேட்டேன். “கிருமி ஒண்ணுகூடத் தெரியலயே.”

“வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்காங்க, அதான் வந்திருக்கு. யார் அனுப்புறாங்கன்னு சொல்லட்டுமா? அவசரமில்லையே?”

அன்றைக்கு அவள் சொன்னதை என்னால் முடிந்தவரை இங்கே எழுதுகிறேன். படிப்பில் நான் இதில் பாதியைப் படித்து மறந்திருந்தேன். என் உடம்போடு சேர்த்து யாரும் சொன்னதில்லை.

ஏதோ ஒரு தூசு, அது எதுவென்று அப்போது எங்களுக்குத் தெரியாது, மூக்கின் உள்தோலில் வந்து விழுகிறது. அந்தத் தூசில் இருக்கும் புரதம் உள்தோலின் செல்களைச் சீண்டுகிறது. சீண்டப்பட்ட செல்கள் அபாயச் செய்தியாகச் சில மூலக்கூறுகளைச் சுரக்கின்றன. அந்தச் செய்தி நோயெதிர்ப்புச் செல்களில் ஒரு வகைக்குப் போய்ச் சேருகிறது. அவை தங்கள் பங்குக்கு இன்டர்லூக்கின் என்ற செய்தி மூலக்கூறுகளை வெளியே விடுகின்றன. அவற்றுக்குப் பெயர் கிடையாது, எண்தான். நான்காம் எண், அந்தத் தூசுக்கென்றே ஒரு எதிர்ப்பொருளைத் தயாரிக்கச் சொல்கிறது. பதின்மூன்றாம் எண், சளியைப் பெருக்கச் சொல்கிறது. ஐந்தாம் எண்தான் ஈசினோபிலின் ஆள். எலும்பு மஜ்ஜையில் அவற்றை அதிகமாகப் பிறக்க வைப்பதும், வந்த இடத்தில் சீக்கிரம் சாகாமல் வைத்திருப்பதும் அதுதான்.

“அப்ப தும்மல்?”

“அது வேற கதை, ஆனா இதே வீட்டுக் கதைதான். அந்த எதிர்ப்பொருள் போய் மாஸ்ட் செல் மேல உக்காந்துக்கிடும். அடுத்த தடவை அதே தூசு வந்து பட்டதும் மாஸ்ட் செல் தன் கையில வச்சிருக்க ஹிஸ்டமினை அப்படியே கொட்டிரும். உடனே அரிக்கும், தும்மல் வரும், தண்ணியா ஒழுகும். நீங்க போடுற மாத்திரை இந்த ஹிஸ்டமினைத்தான் தடுக்குது. ஆனா சில மணி நேரம் கழிச்சு இந்தச் செகப்புக் கூட்டம் வந்து இறங்குதுல்லா, அதுக்கு மாத்திரை என்ன செய்யும்? இதுங்க கொட்டுறதுலதான் உள்ள வீங்கிப் போய்க் கிடக்கு. தினமும் தூசு, தினமும் செய்தி. வீக்கம் வடியவே நேரமில்லை.”

மாத்திரையால் தும்மல் குறைந்து அடைப்பு மட்டும் ஏன் அப்படியே இருந்தது என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

“நம்ம உடம்பு எதுக்கு இப்பிடி ஒரு கூட்டத்த வச்சிருக்கு?” என்று கேட்டேன். எரிச்சலோடுதான் கேட்டேன்.

அவள் என் மேஜையில் வரிசையாக இருந்த டப்பாக்களைக் காட்டிச் சிரித்தாள். “நீங்க தினமும் பாக்குறீங்களே, அதுங்களுக்காகத்தான். புழுவுக்கு. குடல்ல புழு வந்தா இதே செய்திதான் போகும், இதே ஆளுங்கதான் வருவாங்க. புழுவை மத்த கிருமி மாதிரி முழுங்க முடியாதுல்லா, அதனால மேல ஊத்தித்தான் கொல்லணும். உங்க உடம்பு பாவம், நல்லதுன்னு நினைச்சுத்தான் செய்யுது.”

கட்சாலில் பள்ளிக்கூடத்தில் எங்களை வரிசையில் நிறுத்திப் பூச்சி மாத்திரை கொடுத்தது நினைவுக்கு வந்தது. வெறுங்காலோடு திரிந்த பிள்ளைகள் எல்லாருடைய வயிற்றிலும் புழு இருந்தது. அந்த நாளில் இந்தச் சிவப்பு மணிக்காரர்கள்தான் எனக்காக உழைத்திருப்பார்கள். அதை அவளிடம் சொன்னேன். “புழு போனதாலதான் அலர்ஜி வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது அக்கா, நிறையக் காரணம் இருக்கு” என்று அவள் கவனமாகச் சொன்னாள். அது எனக்குப் புரிந்தது. ஆனாலும் என் உடம்பின் மேல் இருந்த எரிச்சல் அங்கேயே, அந்த ஸ்டூலிலேயே, பெரும்பாலும் போய்விட்டது. கண்ட தூசையும் புழு என்று நினைத்து எனக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. அதைத் திட்டி என்ன செய்ய?

மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே ஒன்றை எழுதிக்கொடுத்தாள். அது செல்லுக்குள்ளேயே போய், அந்தச் செய்திகளைத் தயாரிப்பதைக் குறைக்கும். அதனால் இன்றைக்கு அடித்து நாளைக்கே பலன் கேட்கக்கூடாது, நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் அடிக்க வேண்டும் என்றாள். தலையைச் சற்றுக் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும், நடுச்சுவரில் படாமல் அடிக்கக் கற்றுக்கொடுத்தாள். எதனால் அலர்ஜி என்று பார்க்க ரத்தம் எடுத்து மெயின்லேண்டுக்கு அனுப்பினோம். என் குப்பியை நானே ஐஸ் பெட்டியில் வைத்துக் கட்டினேன்.

பதில் வந்தது. வீட்டுத் தூசில் வாழும் உண்ணி. கண்ணுக்குத் தெரியாது, கடிக்காது, ஒன்றும் செய்யாது. நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழும். அதன் எச்சத்தில் இருக்கும் புரதம்தான் என் மூக்கைச் சீண்டியிருக்கிறது. ஈரம் அதிகமாக இருக்கும் இடத்தில் அது நன்றாகப் பெருகும். வருடத்தில் பெரும்பகுதி மழை பெய்யும் தீவு எங்களுடையது. துணி காயப் போட்டால் காய்வதற்கு முன் பூசணம் பிடிக்கும்.

“எதுல படுக்கீங்க?” என்று டாக்டர் கேட்டாள்.

நானும் கூட வந்திருந்த கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

எங்கள் மெத்தை என் மாமியார் கொடுத்தது. ராமநாதபுரம் பக்கத்தில், தன் வீட்டு இலவ மரத்துப் பஞ்சைக் கொட்டை நீக்கி, ஆள் வைத்துத் தைத்து, கல்யாணத்துக்குக் கப்பலில் கொண்டுவந்து கொடுத்தார். கப்பலின் மலிவான பங்க் வகுப்புப் பலகையில் அதையே விரித்துப் படுத்து வந்ததாகவும், முதுகுவலி கிட்டவே வரவில்லை என்றும் கல்யாணத்துக்கு வந்த எல்லாரிடமும் சொன்னார். அதற்கப்புறம் போனில் பேசும்போதெல்லாம் பிள்ளைகளை விசாரிப்பதுபோல மெத்தையை விசாரிப்பார். வெயில் கண்டால் காயப்போடு என்பார்.

டாக்டர் அதை எடுத்துவிடச் சொன்னாள். புது மெத்தை வாங்கி, உண்ணி நுழையாத நெருக்கமான நெசவில் ஜிப் வைத்த உறை போட வேண்டும். விரிப்புகளை வாரம் ஒருமுறை நல்ல கொதிநீரில் அலச வேண்டும்.

கொதிநீர் வேலையை என் கணவர் எடுத்துக்கொண்டார். நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்குப் பின்னால் கல் கூட்டி, விறகு மூட்டி, பெரிய அண்டாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்து விரிப்புகளைப் போட்டுக் கட்டையால் கிண்டுவார். தீதி ஜன்னலிலிருந்து கேட்பார்: “தாதா, க்யா பக் ரஹா ஹை?” என்ன சமையல் என்று. “பிரியாணி தீதி, மசாலா கம் ஹை,” மசாலாதான் குறைவு என்று இவர் கிண்டிக்கொண்டே சொல்வார். வாரம் முழுக்க எஞ்சினோடு போராடிய மனிதர் தன் ஒரே விடுமுறைக் காலையை எனக்காக இப்படிச் செலவழித்தார். இன்றும் செய்கிறார். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

மெத்தையைத்தான் அவரால் எறிய முடியவில்லை. பாலிதீனில் சுற்றி, கயிறு கட்டி, பின் அறைச் சுவரில் சாத்தி நிறுத்திவைத்தார். “அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றார். சொல்லவில்லை.

ஸ்ப்ரே அடிக்க ஆரம்பித்து சில வாரங்களில் தும்மல் ஓய்ந்தது. அப்புறம் இடது மூக்கு திறந்தது, பிறகு வலது. ஒரு காலை லேபில் வழக்கம்போல ஒரு மல டப்பாவைத் திறந்தேன். ஏதோ ஒன்று முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. ஒரு நொடி என்னவென்றே புரியவில்லை. புரிந்ததும் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே கத்தினேன்.

“நாறுது! பத்பூ ஆ ரஹா ஹை!”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் நின்றேன். அப்படி ஒரு சந்தோஷத்தோடு யாரும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டார்கள். ராஞ்சிக்காரர் வந்து டப்பாவை என் கையிலிருந்து வாங்கி மூடி வைத்துவிட்டு, “முபாரக் ஹோ” என்று வாழ்த்தினார். அன்றைக்கு மீதி இருந்த டப்பாக்களை அவரே பார்த்தார்.

மாமியார் அடுத்த மாதம் வந்தார். இந்த முறை விமானத்தில். வந்து, டீ குடித்து, நேராகப் படுக்கையறைக்குப் போனார். புது மெத்தையை விரலால் அழுத்திப் பார்த்தார். பின் அறைக்குப் போனார். பாலிதீனில் சுற்றி நின்றிருந்ததைத் தட்டிப் பார்த்தார்.

“ஏன்டா, இத என்ன பொணம் மாதிரிக் கட்டி வச்சிருக்க?”

என் கணவர் தலையைச் சொறிந்தார். நான்தான் சொன்னேன். தும்மல், வாசனை போனது, கேஸ், தீதி, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் சொன்னேன். மெத்தையின் மேல் குற்றமில்லை, ஈரத்தின் குற்றம் என்றும் சொன்னேன். கேஸ் லைட்டர் இடம் வந்தபோது அத்தை என் கையைப் பிடித்தார். அதற்கப்புறம் விடவில்லை.

நான் முடித்ததும் மகன் பக்கம் திரும்பினார்.

“இம்புட்டு வருசமா அவ தும்முறதக் கேட்டுக்கிட்டு டீ ஆத்திக்கிட்டா இருந்த? ஒனக்கு எஞ்சின் சத்தந்தான் காதுல விழுமோ?”

“அம்மா, நான்…”

“பேசாத. அருவாமனைய எடு.”

முந்தானையால் மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டிக்கொண்டார். என்னை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். “ஏத்தா, நீ இந்தப் பக்கம் எட்டிப் பாக்கப்படாது. இது மூக்குல ஏறுனா மறுபடி மொதல்லருந்துல்ல ஆரம்பிக்கணும்.” ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முற்றத்தில் மெத்தையின் தையலைப் பிரித்து, பஞ்சை மூட்டையாகக் கட்டி, மகன் தலையில் ஏற்றிக் குப்பைக்கு அனுப்பினார். நீலக் கோடு போட்ட மேல்துணி மட்டும் மிச்சம். அதை அண்டாவில் போட்டுக் கொதிக்கவைத்து, அலசி, காயவைத்து, ஊருக்குப் போவதற்கு முன் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக ஒரு பை தைத்துக்கொடுத்தார். மெத்தையைப் பற்றி அவர் வருத்தப்பட்டாரா என்று எனக்குத் தெரியாது. வருத்தப்பட்டிருந்தால் அதை என்னிடம் காட்டாமல் பார்த்துக்கொண்டார். அதற்காகவே அவருக்கு நான் ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டவள்.

வாசனை ஒரேயடியாகத் திரும்பவில்லை. ஒவ்வொன்றாக, ஒழுங்கில்லாமல் வந்தது. பினாயில் வந்தது. வெங்காயம் வதங்குவது வந்தது. மல்லிகை இன்னும் சரியாக வரவில்லை, ஏதோ ஈரத் துணிபோல இருக்கிறது. ஒரு சாயங்காலம் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு வேலையாக இருந்தேன். டீசலும் கிரீஸும் உப்புக்காற்றும் கலந்த ஒரு வாடை வந்தது. திரும்பாமலே, “வந்துட்டீங்களா?” என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். வாசல்படியில் ஒரு காலை வைத்தபடி நின்றிருந்தார்.

“எப்பிடித் தெரியும்? நான் சத்தமே போடலியே.”

“வாடை வந்துச்சு.”

வெகு நாளாகவே அவர் வந்ததும் குளிக்காமல் சாப்பிட உட்கார்ந்துவிடுவார், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று. அன்றைக்கு வெட்கப்பட்டுக்கொண்டு சோப்பைத் தேடிப் போனார். இருங்க, கொஞ்ச நேரம் கழித்துக் குளிக்கலாம் என்று நான் சொன்னேன்.

இது குணமாகிவிடும் நோய் இல்லை. மழை பிடித்து, வீட்டுச் சுவர் வியர்க்கும் நாட்களில் காலையில் தும்மல் எட்டிப் பார்க்கும். ஒரு முறை நன்றாகத்தானே இருக்கிறது என்று ஸ்ப்ரேயை நிறுத்திப் பார்த்தேன், வாசனை மறுபடி மங்கியது. இப்போது நிறுத்துவதில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்லைடு போட்டுப் பார்த்தோம். சிவப்பு மணிக்காரர்கள் அங்கங்கே ஒருவர் இருவராக இருந்தார்கள். “போதும், இவ்வளவு பேர் இருந்துட்டுப் போகட்டும்” என்றாள் டாக்டர்.

போன மாதம் அவளுக்கு மாற்றல் வந்தது. விமான நிலையம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்பதால், விமானத்துக்கு முன் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். வந்தாள். தீதி வீட்டிலிருந்து கடுகு அரைத்துப் போட்ட மீன் வந்தது, நான் ரசமும் பொரியலும் வைத்திருந்தேன். சாப்பிடும்போது என்னவெல்லாமோ சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். அந்தச் சளியை என் கையிலேயே கொடுத்ததற்கு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்ததற்கு, எப்படி இருந்தீங்க என்று கேட்டதற்கு. அதற்குப் பதிலாக இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

அவள் அம்மாவுக்கு மாசிக் கருவாடு பிடிக்கும் என்று முன்பு ஒரு தரம் சொல்லியிருந்தாள். அதை வாங்கிப் பொட்டலம் கட்டி வைத்திருந்தேன். கையில் வாங்கியதும் அவள் முகத்தில் சந்தோஷமும் கவலையும் சேர்ந்து வந்தன.

“அக்கா, பிளேன்ல வாசம் வந்துச்சுன்னா இறக்கி விட்ருவாங்களே. வெளிய தெரியுதான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க.”

பொட்டலத்தை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். நான் குனிந்து, நிதானமாக மூச்சை உள்ளே இழுத்தேன். பாலிதீன் வாசனை. காகித வாசனை. அதற்கும் பின்னால் மெல்லிசாக, உப்பாக, புகையாக ஒன்று.

“லேசா வருது. இன்னொரு கவர் போடணும்” என்றேன்.

அவள் தலையாட்டினாள். நான் உள்ளே போய்க் கவர் எடுத்துவந்தேன்.